கைக்கு இசையும் யந்திரம்

1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் தனிநபர் கணினியைச் சந்தைக்குக் கொண்டுவருவதற்கு முன், அதை உருவாக்கிய சிறு குழுவில் ஒருவரான டேவிட் பிராட்லி என்னும் பொறியாளர், வேலையின் நடுவே கணினி ஸ்தம்பித்துவிட்டால் மின்சாரத்தை நிறுத்தி மறுபடி போடாமலே அதை ஆதியிலிருந்து இயங்கவைக்க ஓர் உபாயம் தேடினார். கண்ட்ரோல், ஆல்ட் என்னும் விசைகளோடு எஸ்கேப் விசையையும் ஒருசேர அழுத்தினால் போதும் என்றுதான் முதலில் வைத்தார். ஆனால் மூன்றும் பலகையின் இடப்புறத்திலேயே இருந்தமையால், ஒரு கை தவறிப் பட்டாலும் செய்த வேலையெல்லாம் பாழாகும் என்று கண்டு, எஸ்கேப்பை விடுத்து வலப்புறத்து டெலீட் விசையை அதற்குப் பதிலாக அமைத்தார். இரண்டு கைகளும் கூடினாலன்றி அந்த மூன்றையும் அழுத்த இயலாதிருக்க வேண்டும் என்பதே அவருடைய உத்தேசம். உத்தேசத்தில் குறைசொல்ல ஒன்றுமில்லை. எனினும், பிற்காலத்தில் அலுவலகக் கணினிகள் கடவுச்சொல்லைக் கேட்பதற்கு முன்பே இந்த மூன்று விசைகளையும் அழுத்தச் சொல்லும் வழக்கம் விண்டோஸ் என்.டி.யோடு பரவியபோது, பக்கவாதத்தில் ஒரு கை விழுந்துபோனவரும், விபத்தில் ஒரு கரத்தை இழந்தவரும், வாயில் கவ்விய குச்சியால் எழுத்துக்களைத் தட்டுகிறவரும், உள்ளே போய்ச் செய்யவேண்டிய காரியத்தில் எவ்வளவு சமர்த்தராயினும், வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள்.

விசைப்பலகையும் மவுஸும் தம்மைக் கையாளுகிறவரின் சரீரத்தைப்பற்றிச் சில அனுமானங்களைத் தம்முள் வைத்துக்கொண்டே பிறந்தவை. இரண்டு கைகள் உண்டு. பத்து விரல்களும் தனித்தனியே மடங்கி நிமிரும். அழுத்திய விரல் உடனே எழும். நினைத்த இடத்தில் கை அசையாமல் நிற்கும். ஒரு விரல் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கையில் அதே கை நகரவும் வல்லது என்று அவை எண்ணிக்கொள்கின்றன. மூளை முடக்குவாதத்தோடு பிறந்த குழந்தைகள், பார்க்கின்சன் நோயால் கை நடுங்குகிறவர்கள், முடக்குவாதத்தில் விரல் மூட்டுகள் வீங்கி வலிக்கிறவர்கள், தசைநார்ச் சிதைவால் நாளுக்கு நாள் பலம் குன்றுகிறவர்கள், தொழுநோய் குணமான பின்னும் விரல்கள் மடங்கியே நின்றுவிட்டவர்கள், கழுத்தெலும்பில் அடிபட்டுக் கைகால் ஸ்வாதீனம் இழந்தவர்கள் ஆகிய இவர்களில் ஒவ்வொருவருக்கும் இந்த அனுமானங்களில் ஏதேனும் ஒன்று பொருந்துவதில்லை; மூப்பு வந்தால் நம்மில் அநேகருக்கும் பொருந்தாது. குறை கையில் இருப்பதாகவே உலகம் பேசுகிறது. யந்திரம் கேட்பதைச் சற்றே மாற்றிக் கேட்டால் அதே கை அதே காரியத்தைச் செய்துவிடுகிறது என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள், பிறகு அவ்வாறு பேசமாட்டார்கள்.

எழுதும் யந்திரத்தின் பூர்வ சரித்திரமும் இதற்கே சாட்சி சொல்லுகிறது. 1808-ஐ ஒட்டி இத்தாலியில் பெல்லெக்ரினோ டுர்ரி என்பவர், பார்வையிழந்த கரோலினா ஃபாண்டோனி என்னும் சீமாட்டி பிறர் உதவியின்றிக் கடிதம் எழுதும் பொருட்டு ஓர் எழுத்து யந்திரம் செய்து கொடுத்தார், யந்திரம் எஞ்சவில்லை, அந்த மாது அதில் அடித்த கடிதங்கள் சில இன்றும் இருக்கின்றன. கோபன்ஹேகன் நகரில் செவிப்புலனற்ற மாணவர்களின் பள்ளிக்குத் தலைவராயிருந்த ராஸ்முஸ் மாலிங்-ஹான்சன், பந்துபோல் குவிந்த முகட்டில் விசைகளைப் பதித்து ஒரு யந்திரம் சமைத்து 1870-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கண்பார்வை மங்கிய தத்துவஞானி நீட்சே 1882-இல் அதில் ஒன்றை வாங்கி எழுதினார். பேனா எவருக்குக் கைகொடுக்கவில்லையோ அவருக்காகவே தோன்றிய சாதனம் இது. 1874-இல் ரெமிங்டன் தட்டச்சு விற்பனைக்கு வந்து, கச்சேரிக் குமாஸ்தாவின் வேகமே அளவுகோலாக நின்ற பிறகுதான், பத்து விரல் பயிற்சி அதன் இலக்கணமாயிற்று. ஆகையால் இன்று விசைப்பலகையை ஊனமுற்றோருக்கு இசைவாக்குவதை ஒரு தயவு என்று கருதுவது என் அபிப்பிராயத்தில் தவறு. அது அந்தச் சாதனத்தை அதன் ஆதி நோக்கத்துக்குத் திருப்புவதேயாகும்.

இந்தத் திருத்தங்களில் மிக எளியதும் மிகப் பெரிய பயன் தருவதும், ஒருசேர அழுத்த வேண்டியதை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த அனுமதிப்பதுதான். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கிரெக் வாண்டர்ஹைடன் என்பவர் மாணவராயிருந்தபோது, மூளை முடக்குவாதத்தால் பேசவோ எழுதவோ இயலாத ஒரு சிறுவனுக்கு உதவப்போய், அந்த முயற்சியிலிருந்து 1971-இல் டிரேஸ் சென்டர் என்னும் ஆராய்ச்சி நிலையம் வளர்ந்தது. விசைகளை ஒட்டவைக்கும் 'ஸ்டிக்கி கீஸ்' முதலிய வசதிகள் அங்கே உருவாகி, 1980-களின் பிற்பகுதியில் மெகின்டாஷ் கணினிகளிலும், பிறகு விண்டோஸ் 95-இலும், லினக்ஸிலும் குடிபுகுந்தன. ஷிப்ட் விசையை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் விண்டோஸ் கணினியில் ஒரு கேள்வி எழும். ஆம் என்றால், அது முதல் ஷிப்ட், கண்ட்ரோல், ஆல்ட் ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தட்டிவிட்டு விரலை எடுத்துவிடலாம், அடுத்துத் தட்டும் விசையோடு அது தானே சேர்ந்துகொள்ளும். இரண்டு முறை தட்டினால் பூட்டிக்கொள்ளும். மூன்றாம் முறை விடுபடும். பிராட்லி இரண்டு கைகளைக் கேட்ட அந்த மூன்று விசைகளையும் இப்போது ஒரே ஒரு விரல், ஒரே ஒரு குச்சி, தன் நிதானத்தில் ஒன்று இரண்டு மூன்று என்று தட்டிவிடுகிறது.

வேண்டிய விசையை அழுத்தியபின் விரலைச் சட்டென்று எடுக்க முடியாதவருக்கு ஓர் எழுத்து இருபதாகப் பெருகி வரிசைகட்டி நிற்கும். நடுங்கும் விரலுக்கு ஒன்று இரண்டாகும். வழியில் கை உராய்ந்த விசைகளெல்லாம் வேண்டாத எழுத்துக்களாகத் திரையில் விழும். வலப்புற ஷிப்டை எட்டு விநாடி அழுத்திப் பிடித்தால் வரும் 'ஃபில்டர் கீஸ்' இவற்றை வடிகட்டுகிறது: குறித்த காலம் அழுத்தினால்தான் எழுத்து என்று வைக்கலாம், ஒரே விசை உடனுக்குடன் இருமுறை பட்டால் இரண்டாவதைத் தள்ளிவிடச் சொல்லலாம், எழுத்து தானே பெருகுவதை அடியோடு நிறுத்தலாம். இவ்வளவும் ஏற்கனவே நாம் வாங்கிய கணினிக்குள்ளேயே, தனி விலையின்றி இருக்கிறது. விளையாட்டின்போது ஷிப்டைத் தட்டித் தட்டி அந்தக் கேள்வி எழுந்து எரிச்சலூட்டுவதால் இளைஞர்கள் அதை நிரந்தரமாக அணைத்துவைக்கிறார்கள். சொந்தக் கணினியில் அது அவரவர் விருப்பம். நூலகத்திலும் கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் உள்ள பொதுக் கணினிகளில் மட்டும் அவ்வாறு செய்யலாகாது என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஐந்து தட்டு, அமைப்புப் பக்கங்களைத் தேடிப்போக இயலாத ஒருவருக்கென்றே வைக்கப்பட்ட கதவு.

மவுஸின் விஷயம் இன்னும் சிக்கலானது. ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட்டும் பில் இங்கிலீஷும் 1964-இல் மரக்கட்டையில் செய்த முதல் மவுஸை, அதற்குப் போட்டியான வேறு சாதனங்களோடு வைத்துப் பரீட்சித்தபோது, மேஜைக்கடியில் முழங்காலால் இயக்கும் நெம்புகோல் ஒன்றும் அவற்றினிடையே இருந்தது; புதிதாகப் பழகுகிறவர்களிடம் அது நன்றாகவே வேலைசெய்தது. அதற்கும் முன்னதாக, 1952-இல், கனடா கடற்படைக்காகச் செய்த ஒரு கருவியில், ஐந்து கட்டை பந்துருட்டு விளையாட்டின் பந்தையே பதித்து உள்ளங்கையால் உருட்டித் திரையில் குறியை நகர்த்தினார்கள். கை கொண்டுதான், அதுவும் பிடித்து நகர்த்தித்தான் குறியைச் செலுத்த வேண்டும் என்ற நிர்ப்பந்தம் தொடக்கத்திலேயே இல்லை என்பதற்காக இவற்றைச் சொல்லுகிறேன். அந்தப் பந்து இன்று டிராக்பால் என்ற பெயரில் கடையில் கிடைக்கிறது. பிடிக்கும் பலமில்லாத கை அதன்மேல் வெறுமனே கிடந்து உருட்டலாம், மணிக்கட்டாலும் முழங்கையாலும் காலாலும்கூட உருட்டலாம். கையை எடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால் குறி இருந்த இடத்திலேயே இருக்கும்.

டிராக்பால் வாங்க இயலாதவருக்கு எண் விசைகள் உண்டு. இடப்புற ஆல்ட், இடப்புற ஷிப்ட், நம் லாக் ஆகிய மூன்றையும் அழுத்தினால் 'மவுஸ் கீஸ்' விழித்துக்கொள்ளும். ஸ்டிக்கி கீஸ் இயங்கிக்கொண்டிருந்தால் அவற்றையும் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொள்ளலாம். அது முதல் பலகையின் வலப்புறத்து எண்களில் 8 குறியை மேலே தள்ளும், 2 கீழே இழுக்கும், 4 இடமும் 6 வலமும் செலுத்தும், மூலை எண்கள் சாய்வாக நகர்த்தும், நடுவிலுள்ள 5 கிளிக் செய்யும். எல்லாவற்றினும் விசேஷமானது 0: அதைத் தட்டினால் கணினி, பொத்தானை ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதாகவே எண்ணிக்கொள்ளும், நிதானமாகக் குறியை நகர்த்திப் போக வேண்டிய இடம் சேர்ந்ததும் புள்ளி விசையைத் தட்டினால் விட்டுவிடும். அழுத்திக்கொண்டே இழுப்பது என்னும், கை தேர்ந்தவர்களுக்கே சிலவேளை பிசகும் அந்தக் காரியம், அவசரமில்லாத மூன்று தனிச் செயல்களாகப் பிரிந்துவிடுகிறது. வேகம் குறைவுதான், மறுக்கவில்லை. திரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போவதற்குள் பொறுமை சோதிக்கப்படும். ஆயினும் பிறரைக் கூப்பிட்டுச் செய்யச்சொல்வதற்கும் தானே செய்துகொள்வதற்கும் உள்ள தாரதம்மியம் விநாடிகளால் அளக்கத்தக்கதன்று.

இங்கே மென்பொருள் எழுதுகிறவர்களின் கடமையும் வந்து சேர்கிறது. 1954-இல் பால் ஃபிட்ஸ் என்னும் உளவியல் அறிஞர் கண்டு சொன்ன விதியின்படி, ஓர் இலக்கை அடைய ஆகும் காலம் அதன் தூரத்தையும் அகலத்தையும் பொறுத்தது. இலக்கின் அகலத்தை இரட்டிப்பதும் அதன் தூரத்தைப் பாதியாக்குவதும் ஒரே பலனைத் தரும். கடலை அளவுப் பொத்தான்களை அருகருகே நெருக்கி வைக்கும் ஒவ்வொரு செயலியும், கை நிதானமில்லாத ஒருவரின் நேரத்தையும் மன அமைதியையும் பறிக்கிறது. திரையின் விளிம்பில் ஒட்டி வைத்த பொத்தான் மட்டும் இதற்கு விலக்கு; கை எவ்வளவு அதிகமாகத் தள்ளினாலும் குறி விளிம்பைத் தாண்டிப் போக முடியாதாகையால், அங்கே தவறுவது அரிது.

நடுக்கம் என்பது தனிப் பிரச்சினை. கைநடுக்க நோய்களில் கை பெரும்பாலும் விநாடிக்கு 4 முதல் 12 முறை ஆடுகிறது. குறியை ஓரிடத்துக்குக் கொண்டுபோக மனிதன் தன் இச்சையால் செய்யும் அசைவோ அதைவிட மிகவும் மந்தமானது. ஆகவே மவுஸிலிருந்து வரும் அசைவுகளில் வேகமாக ஆடுவதைக் கழித்து, மெதுவாகச் செல்வதை மட்டும் திரைக்கு அனுப்பினால், நடுங்கும் கையும் நேர்கோட்டில் குறியை நடத்தும். ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர் ஒருவர் கண்டறிந்து 2005-இல் வெளிவந்த சிறு பெட்டி, மவுஸுக்கும் கணினிக்கும் இடையே நின்று இதைத்தான் செய்தது. இப்போது அதே வேலையைச் செய்யும் மென்பொருள்கள் உண்டு. கழிவு மிகுந்தால் குறி கைக்குப் பின்தங்கி ஊர்ந்து வரும். குறைந்தால் ஆட்டம் தெரியும். இடைப்பட்ட சரியான அளவை அந்தந்தக் கைக்கு வைத்துப் பார்த்தே கண்டுகொள்ள வேண்டும். காலையில் மருந்து உட்கொண்ட பின் ஒரு அளவும் மாலையில் வேறொரு அளவும் தேவைப்படுவதுண்டு.

கணினிக்குள் உள்ளவை ஒருபுறமிருக்க, வெளியே வைக்கும் சாமான்களில் எனக்கு மிகவும் பிடித்தது விசைக்காப்புத் தகடு. அக்ரிலிக் பலகையில் ஒவ்வொரு விசைக்கும் நேராக ஒரு துளையிட்டு, அதை விசைப்பலகையின்மேல் சிறிது உயரத்தில் பொருத்திவிடுகிறார்கள், வேறொன்றுமில்லை. அவயவங்கள் தம் இஷ்டத்துக்கு ஆடும் ஒரு சிறுவன் வெறும் பலகையின்முன் உட்கார்ந்தால், கையை அந்தரத்தில் நிறுத்திவைக்கும் பிரயத்தனத்திலேயே அவன் பலமெல்லாம் செலவாகித் தோளும் தாடையும் இறுகிப்போகும். தகடு வந்ததும் அவன் கை முழுவதையும் அதன்மேல் போட்டு ஓய்வுகொள்கிறான்; கை வழுக்கிக்கொண்டே போய், விரல் வேண்டிய துளையைக் கண்டதும் அதற்குள் இறங்குகிறது; மற்ற விசைகளில் எதுவும் அழுந்துவதில்லை. ஒரு பலகைக்குச் செய்தது இன்னொரு பலகைக்குப் பொருந்தாது என்பதால் பலகையை மாற்றும்போதெல்லாம் தகட்டையும் மாற்ற வேண்டும் என்பது ஒன்றே இதில் சங்கடம்.

ஒரு விரலும் அசையாதவர்களுக்கு என்ன வழி என்று கேட்கலாம். இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், முதுகுத்தண்டு சிதைந்த நோயாளிகள் வாயில் வைத்த ஊதலை ஊதித்தான் தாதியரைக் கூப்பிட முடிந்தது என்பதைக் கண்ட ரெக் மேலிங் என்பவர், 1960-களின் தொடக்கத்தில், குழாய் வழியே மூச்சை ஊதியும் உறிஞ்சியும் விளக்கையும் மணியையும் தட்டச்சையும் இயக்கும் 'பாசம்' என்னும் கருவியைச் செய்தார். கனடாவில் 1980-இல் வாகன விபத்தில் முடங்கிய நீல் ஸ்குவயர் என்னும் இளைஞருக்கு உறவினரான பில் காமரன், ஊதினால் ஒன்று உறிஞ்சினால் ஒன்று என்று மூச்சையே மோர்ஸ் தந்திக் குறியாக்கிக் கற்பித்தார்; அந்த இளைஞரின் பெயரால் 1984-இல் தோன்றிய சங்கம், உதட்டால் நகர்த்தி மூச்சால் கிளிக் செய்யும் மவுஸின் வரைபடங்களை யாரும் செய்துகொள்ளும்படி இலவசமாக வெளியிட்டிருக்கிறது. இயற்பியல் அறிஞர் ஸ்டீஃபன் ஹாகிங் முதலில் கையில் ஒரு பொத்தானை வைத்து எழுதினார். விரலும் ஓய்ந்தபின், மூக்குக்கண்ணாடியில் பொருத்திய அகச்சிவப்புக் கருவி அவர் கன்னத் தசையின் அசைவைக் கண்டு பொத்தானாயிற்று. திரையில் எழுத்து வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிரும். வேண்டிய வரிசை வந்ததும் ஒரு அசைவு. பிறகு அந்த வரிசையின் எழுத்துக்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்தில் மறுபடி ஒரு அசைவு. 'ஆம்' என்று சொல்லவல்ல ஏதாவது ஓர் அசைவு சரீரத்தில் எங்கேனும் எஞ்சியிருந்தால் புத்தகமே எழுதலாம். ஹாகிங்குக்காக இன்டெல் நிறுவனம் சீர்செய்த மென்பொருள் 2015 முதல் இலவசமாகக் கிடைக்கிறது.

குரலால் சொன்னால் எழுதிக்கொள்ளும் கணினி வந்துவிட்டதே, இவ்வளவு பாடு எதற்கு என்பாரும் உளர். கையைத் தாக்கும் நோய் பலருக்கு நாவையும் தாக்குகிறது. மூளை முடக்குவாதத்தில் சொல் குழறும், பார்க்கின்சனில் குரல் தாழ்ந்து தேயும். அன்றியும், நாலு பேர் நடுவில் உரக்கச் சொல்லி எழுதக்கூடாத கடிதங்கள் எல்லோருக்கும் உண்டு.

நிற்க, தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு பிரத்யேகமான அனுகூலம் இருப்பதைச் சொல்லியாக வேண்டும். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையில், உயிரெழுத்துக்கள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்திருக்கின்றன. ஸ, ஷ, ஜ, ஹ முதலிய கிரந்த எழுத்துக்களுக்கன்றி ஷிப்ட் விசையே வேண்டுவதில்லை. ஆங்கில ஒலியை ஒட்டி அடிக்கும் முறைகளிலோ ள, ண, ற என்னும் அன்றாட எழுத்துக்களுக்கெல்லாம் ஷிப்டைத் தேடவேண்டும். மேலும், தமிழ்99-இல் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவது தானே புள்ளி பெறும். ங-வுக்குப்பின் க, ந-வுக்குப்பின் த வந்தாலும் அவ்வாறே. 'கண்ணன்' என்பதற்கு ஐந்து தட்டு. ஒலிமுறையில் அதற்கு ஆறு தட்டும், இடையே ஷிப்டும். ஒற்றை விரலால் எழுதுகிறவருக்கு ஒவ்வொரு தட்டும் ஒரு பிரயாணமாகையால், பழகச் சில வாரம் பிடித்தாலும் தமிழ்99-ஐயே நான் சிபாரிசு செய்வேன். ஆனால் ஓர் எச்சரிக்கை: இருமுறை பட்ட விசையைத் தள்ளிவிடும் வடிகட்டியை இதனோடு வைத்தால், அரை விநாடிக்குள் தட்டிய இரண்டாவது 'ம'வைக் கணினி விழுங்கிவிட, 'அம்மா' 'அமா'வாகும். இரட்டை எழுத்து மலிந்த மொழி நம்முடையது. நடுக்கம் கடுமையாயிருந்தாலன்றி அந்த வடிகட்டியை விடுத்து, அழுத்தும் காலத்தை நீட்டும் மற்றதை வைத்துக்கொள்வதே உத்தமம்.

பிரத்யேகச் சாதனங்களின் விலைதான் நம் நாட்டில் பெருந்தடை; அதைக் கடக்கவும் வழியுண்டு. பழைய கைப்பேசிகளில் காதுக்கருவி சொருகிய 3.5 மில்லிமீட்டர் துளைதான் உலகெங்கும் இத்தகைய சாதனங்களின் பொத்தான்களுக்குப் பொதுவான வாய். மைக்ரோசாஃப்ட் 2018-இல் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் என்னும் விளையாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியில் அத்தகைய துளைகள் 19 உண்டு. ஒரு சாதாரண மவுஸைத் திறந்து, இடப்புறப் பொத்தானுக்கு அடியிலுள்ள சிறு சுவிட்சின் இரு முனைகளிலும் இரண்டு கம்பிகளைப் பற்றவைத்து, அவற்றை அத்தகைய துளையொன்றில் இணைத்துவிட்டால் போதும். பிறகு எந்தப் பொத்தானை அதில் சொருகினாலும், அது காலடியில் இருந்தாலும் தலைக்கருகில் இருந்தாலும், அழுத்தியதும் மவுஸ் கிளிக் செய்ததாகவே கணினி கொள்ளும். ரேடியோ பழுதுபார்க்கத் தெரிந்தவர் எவரும் செய்யக்கூடியது இது. ஒவ்வொரு பாலிடெக்னிக்கிலும் மாணவர்கள் செய்யும் பயிற்சி வேலைகளில் இதையும் ஒன்றாக வைத்தால், அருகிலுள்ள சிறப்புப் பள்ளிக்கு ஆண்டுதோறும் அவை போய்ச் சேரும்.

சட்டமும் இப்போது துணைநிற்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை ஒட்டி, 2018 ஆகஸ்டில் மத்திய அரசு எழுத்துத் தேர்வுகளுக்கு வகுத்த நெறிமுறைகள், தேர்வெழுதுகிறவர் கணினியைத் தேர்ந்துகொள்ள இடம் தந்தன. மணிக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாமல் கூடுதல் காலமும் அளித்தன. தேர்வுக்கு முதல் நாளே அந்தக் கணினியைச் சோதித்துப் பார்க்கவும் அனுமதித்தன. அந்த முதல் நாளை உபசாரமாகக் கழித்துவிடாமல், தேர்வறையில் உட்காரப்போகும் அதே மேஜையில், அதே நாற்காலியின் உயரத்தில், ஸ்டிக்கி கீஸ் இயங்குகிறதா, எழுத்து பெருகுவது நின்றிருக்கிறதா, தாம் பழகிய தமிழ் விசையமைப்பு ஏற்றப்பட்டிருக்கிறதா, தகடு அந்தப் பலகைக்குப் பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். தேர்வு நடத்துகிறவர்களும், காப்பி அடிப்பதைத் தடுக்கும் பொருட்டுக் கணினியின் அமைப்புகளைப் பூட்டிவைக்கையில், அணுகல் வசதிகள் உள்ள பக்கத்தை மட்டும் பூட்டாமல் விட வேண்டும்.